தப்பு விடையை அழிக்க விடாதீர்கள்: 23 × 4 எப்படி 812 ஆகிறது?

முதல் வேலையாக அழிப்பானை எடுத்து ஒளித்து வையுங்கள். விடை தப்பு என்பதை நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் பிள்ளைகள், அடுத்த நொடியே பரபரவென்று தேய்த்து அழித்துவிடுவார்கள். எந்த இடத்தில் சறுக்கியது என்பதற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடும்.

மாலை நேரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவில் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பல வருடமாகப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: பெருக்கலில் தப்பு விடை பெரும்பாலும் வாய்க்கு வந்தபடி வருவதில்லை. பிள்ளை ஏதோ ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துத்தான் அந்த விடைக்கு வருகிறது, விதிதான் தப்பு. அதனால்தான் அதே தப்பைப் பத்துக் கணக்கிலும் பிசகாமல் செய்கிறது. "கவனமே இல்ல உனக்கு" என்று தலையில் குட்டினால் அது போகாது.

ஒரு துண்டுத் தாளில் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்: 7 × 8, 40 × 6, 23 × 4, 27 × 4, 34 × 26. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பாருங்கள். நடுவில் திருத்த வேண்டாம், "ம்ஹூம்" கூட வேண்டாம். சரியான விடைகள் 56, 240, 92, 108, 884. வேறு எண் வந்தால், கீழே அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

7 × 8 கேட்டால் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடுகிறது

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..." என்று ஆரம்பித்து, எட்டேழில் வந்து நிற்கும். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி ஓரேழிலிருந்து. இது மனப்பாடம் ஆகவில்லை என்பதல்ல, பாட்டாக ஆகிவிட்டது. தேசிய கீதத்தின் நடு வரியைக் கேட்டால் நாமும் முதலிலிருந்து முணுமுணுத்துத்தானே அங்கே போய்ச் சேர்கிறோம்?

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. "செவன் ஒன்ஸா செவன், செவன் டூஸா ஃபோர்ட்டீன்" என்று கடகடவென்று ஒப்பித்த ஒருத்தி, "ஸான்னா என்ன அத்தை?" என்று என்னைக் கேட்டாள். "ஒன்ஸ் ஆர்" என்பது தேய்ந்து தேய்ந்து "ஒன்ஸா" ஆன கதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நம் பழைய வாய்ப்பாட்டில் "மூவேழு" என்றால் மூன்று ஏழு என்பது சொல்லிலேயே இருக்கிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வைத்துக்கொண்டு காணி, மா என்று பின்னங்களுக்குக்கூட வாய்ப்பாடு சொன்னார்கள். காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, மா என்பது இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஒப்பிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் வம்பு.

செய்ய வேண்டியது, சுமையைக் குறைப்பது. ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாட்டில் மொத்தம் 100 பெருக்கல்கள். 6 × 7 தெரிந்தால் 7 × 6 தெரிந்த மாதிரி என்று புரிந்துவிட்டால் மிச்சம் 55. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்ட வேண்டும். வாசலில் கோலத்துக்கு ஒரு வரிசைக்கு ஏழு புள்ளியாக, ஆறு வரிசை நேர்ப்புள்ளி வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கவாட்டில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஏழு வரிசை, ஆறாறு புள்ளி. ஒரு புள்ளிகூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அந்த 55-இல் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எல்லாருக்கும் வந்துவிடும். அவற்றைக் கழித்தால் 21. ஒன்பதுக்கு விரல்களே போதும்: இரண்டு கைகளையும் விரித்து, 9 × 4-க்கு இடமிருந்து நாலாவது விரலை மடக்கினால், மடக்கியதற்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, 36. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் 15. 3 × 3, 4 × 4, 6 × 6, 7 × 7, 8 × 8 ஐந்தும் ஒரு கூட்டம். 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 6, 4 × 7, 4 × 8, 6 × 7, 6 × 8, 7 × 8 மீதிப் பத்து. "நூறு மனப்பாடம் பண்ணணும்" என்று பயந்து கிடந்த பிள்ளையிடம் இந்தப் பதினைந்தை மட்டும் எழுதிக் காட்டிப் பாருங்கள், முகமே மாறிவிடும்.

கிழித்த தினசரி காலண்டர் தாளை மடித்து, வெளியே கணக்கு, உள்ளே விடை. ஒரு நாளைக்கு இரண்டு தாள்தான். வரிசையாகக் கேட்கக் கூடாது, கலைத்துப் போட்டுத்தான் கேட்க வேண்டும். விடை மறந்துவிட்டால் முதலிலிருந்து பாட விடாமல், தெரிந்த இடத்திலிருந்து ஏறச் சொல்லுங்கள்: நாலேழு 28, அதில் இரண்டு மடங்கு 56. இப்படி ஏறத் தெரிந்த பிள்ளைக்கு மறதி ஒரு பெரிய விஷயமே இல்லை.

7 × 8 = 48, 49, 63, 64

ஒரு படி முன்னே பின்னே. 48 என்பது 6 × 8. 63 என்பது 7 × 9. விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறியிருக்கிறது. மேலே சொன்ன ஏறும் வழியே இதற்கும் மருந்து. 54 வந்தால் கதை வேறு. 54 ஏழாம் வாய்ப்பாட்டிலும் இல்லை, எட்டாம் வாய்ப்பாட்டிலும் இல்லை. ஆறொன்பது 54 வந்து குழப்புகிறது. "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு: 56 என்பது ஏழெட்டு" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் மறக்காது.

40 × 6 = 246

இந்தப் பிள்ளைக்குப் பூஜ்யத்தை ஆறால் பெருக்கினால் ஆறு. கேட்டால், "ஆறு இருக்குல்ல, அது எங்க போகும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கும். நியாயமான கேள்வி, கூட்டலில் பூஜ்யம் எதையும் மாற்றாது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? ஆறு தட்டை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் இட்லி. மொத்தம் எத்தனை இட்லி? சிரித்துவிட்டுச் "சைபர்" என்று சொல்லும். இந்தத் தப்பு பெரும்பாலும் அன்றோடு சரி.

40 × 6 = 24 என்று வந்தால் பூஜ்யம் தொலைந்துவிட்டது. பத்து ரூபாய் நோட்டு நாலு, அப்படி ஆறு பேரிடம். எத்தனை நோட்டு? 24. எவ்வளவு பணம்? அவ்வளவுதான். "கடைசியில் ஒரு சைபர் சேர்த்துக்கோ" என்று விதியாகச் சொல்லிவிடாதீர்கள். பின்னால் தசமம் வரும்போது 2.5 × 10 = 2.50 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பது இந்த விதிதான்.

23 × 4 = 812

முந்நாலு பன்னிரண்டு, எழுதியாகிவிட்டது. ஈர்நாலு எட்டு, அதையும் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. பிள்ளையைப் பொறுத்தவரை இதில் ஒரு தப்பும் இல்லை. 27 × 4-க்கு 828 எழுதும் பிள்ளையும் இதே கட்சிதான்.

பாடப்புத்தகம் இதை இனமாற்றம் என்று சொல்லும்: பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்தாக மாறிவிடும். சொல் நல்ல சொல்தான், ஆனால் கையால் மாற்றிப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சொல். பழைய துடைப்பத்து ஈர்க்குச்சியைச் சின்னச் சின்னதாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. அப்படி நாலு குவியல். எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளினால் எட்டுக் கட்டு, பன்னிரண்டு உதிரி. "உதிரி பத்துக்கு மேல இருக்கே" என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள், பல பிள்ளைகள் தாமாகவே ரப்பர் பேண்டைத் தேடும். ஒன்பது கட்டு, இரண்டு உதிரி. நாலைந்து கணக்கு இப்படிக் குச்சியோடு செய்த பிறகு நோட்டுக்கு வந்தால் போதும்.

கூடவே ஒரு வாய்ப் பழக்கம். 23-இல் உள்ள 2-ஐப் பெருக்கும்போது "ஈர்நாலு எட்டு" என்று சொல்லாமல், "நாலு இருபது எண்பது" என்று சொல்ல வையுங்கள். எண்பது என்று வாயில் வந்துவிட்டால் எண்ணூறு இடத்தில் போய் 8 எழுதக் கை தயங்கும்.

அப்புறம் தோராயம். எங்கள் தலைமுறைக்கு "நாலு நாலணா ஒரு ரூபாய்" என்றால் போதும், 25 × 4 = 100 உள்ளே இறங்கிவிடும். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னாலேயே, 2011-இல், 25 காசு செல்லாமல் போய்விட்டது. அவர்களுக்கு 25 ரூபாய் ஐஸ்க்ரீம் நாலு. நாலு ஐஸ்க்ரீம் நூறு ரூபாய் என்றால், 23 ரூபாய்ச் சாமான் நாலு 812 ரூபாய் ஆகுமா? விலையாகக் கேட்டால் சட்டென்று உறைக்கிறது.

27 × 4 = 168

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். 108 வர வேண்டிய இடத்தில் 168. ஒரு பையன் பக்கம் பக்கமாக இப்படிப் போட்டிருந்தான். வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு, கையெழுத்தும் முத்து முத்தாக. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன்.

"நாலேழு இருபத்தெட்டு. எட்டு போட்டு மேல ரெண்டு."

"சரி."

"ரெண்டும் ரெண்டும் நாலு. நானாலு பதினாறு."

"ஏன்டா கண்ணு முதல்லயே கூட்டின?"

"மேல இருக்கே அத்தை, கூட்டத்தானே மேல எழுதுறோம்?"

கூட்டல் கணக்கில் அவனுக்கு அப்படித்தான் பழக்கம். மேலே எழுதிய மீதியை முதலில் சேர்த்துக்கொண்டு அப்புறம் கீழே உள்ளதைக் கூட்டுவான்; கூட்டலில் எந்த வரிசையில் சேர்த்தாலும் விடை மாறாது என்பதால் ஒரு வருடமாக அந்தப் பழக்கம் அவனைக் கைவிடவே இல்லை. பெருக்கலில்தான் கவிழ்த்துவிட்டது. மீதியாக வந்த அந்த இரண்டு ஏற்கனவே பெருக்கி முடித்த எண். அதை மறுபடி நாலால் பெருக்கக் கூடாது. "அது சமைச்ச சோறுடா, திரும்ப உலையில போடாதே" என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லாருக்கும் போதுவதில்லை. அப்போது எழுதும் இடத்தை மாற்றிவிடுங்கள். மீதியை 2-இன் தலைக்கு மேல் எழுதாமல், விடை எழுதும் கோட்டுக்குக் கீழே, பத்துகளின் இடத்தில் பொடியாக எழுதச் சொல்லுங்கள். பெருக்கி முடித்துக் கீழே வந்தால்தான் அது கண்ணில் படும், அதனால் கூட்டலும் அப்புறம்தான் நடக்கும். இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு மீதியே வேண்டாம். 7 × 4 = 28 ஒரு வரி, 20 × 4 = 80 அடுத்த வரி, கூட்டினால் 108. பள்ளியில் ஒரு வரியில் கேட்பார்கள்தான். இரண்டு வரியில் தெளிவாகப் போடத் தெரிந்த பிள்ளை ஒரு வரிக்குத் தானாக வந்துவிடும்.

88 வந்தால் மீதியைக் கூட்ட மறந்திருக்கிறது. 162 வந்தால் 28-இல் எட்டுக்குப் பதிலாக இரண்டைக் கீழே போட்டு எட்டை மேலே ஏற்றியிருக்கிறது. "இருபத்தெட்டு" என்று சொல்லும்போது இருபதுதானே முதலில் வருகிறது, கை அதையே முதலில் எழுதிவிடுகிறது. உதிரிதான் கீழே, கட்டுதான் மேலே ஏறும் என்று குச்சியை ஒரு தடவை நினைவுபடுத்தினால் போதும்.

34 × 26 = 272

34 × 6 = 204, சரி. 34 × 2 = 68, அதுவும் சரி. 68-ஐ நேராக 204-க்குக் கீழே ஒன்றுகளின் இடத்திலிருந்து எழுதிக் கூட்டியதால் 272. இடம் தள்ளி எழுத மறந்த கணக்கு இது. பல வகுப்புகளில் இரண்டாவது வரியில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த இடத்திலிருந்து எழுதச் சொல்வார்கள். அந்தக் குறி எதற்கு என்று கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குப் பதில் தெரியாது. "மிஸ் போடச் சொன்னாங்க" என்பார்கள். நான் 0 போடச் சொல்வேன். நாம் பெருக்குவது 2-ஆல் அல்ல, 20-ஆல். 34 × 20 = 680; அந்தப் பூஜ்யம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. 204 + 680 = 884.

272-ஐப் பிடிக்க ஒரு கேள்வி போதும்: 34-ஐப் பத்தால் பெருக்கினாலே 340, இருபத்தாறால் பெருக்கியது அதைவிடக் குறையுமா?

பெரியவர்கள் சிலர் இந்த இடத்தில் ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் சோதனையைச் சொல்லித் தருவார்கள். 34-க்கு இலக்கங்களைக் கூட்டினால் 7, 26-க்கு 8; 7 × 8 = 56, 5 + 6 = 11, 1 + 1 = 2. 884-க்கும் 8 + 8 + 4 = 20, அதாவது 2. இரண்டும் ஒத்துப்போனால் விடை சரி என்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 272-ஐக் கூட்டிப் பாருங்கள்: 11, அதுவும் 2! 23 × 4-க்கு வந்த 812-ம் இதே மாதிரி தப்பித்துவிடும். இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. பிள்ளைகள் அதிகம் செய்யும் தப்பு இடம் மாறும் தப்புதான், அதைப் பார்க்கவே இந்தச் சோதனைக்குக் கண் இல்லை. தோராயமே மேல்.

34 × 26 = 624, அல்லது 84

நாலாறு 24, மூவிரண்டு 6. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 624. அந்த 6-ஐ ஆறு பத்தாக எண்ணிக் கூட்டினால் 60 + 24 = 84. கூட்டலில் ஒன்றுகளை ஒன்றுகளோடும் பத்துகளைப் பத்துகளோடும் மட்டும்தானே சேர்த்தோம், இங்கேயும் அதையே செய்தது பிள்ளை.

இதற்கு எத்தனை தடவை வாயால் சொன்னாலும் பயன் இல்லை, படம் போட வேண்டும். நீள்சதுரமாக ஒரு ஹால் வரையுங்கள். நீளவாக்கில் 34 டைல்ஸ், அகலவாக்கில் 26. நீளத்தை 30, 4 என்றும், அகலத்தை 20, 6 என்றும் பிரித்துக் கோடு போட்டால் ஹால் நாலு அறையாகிவிடும். ஒவ்வொரு அறைக்கும் எத்தனை டைல்ஸ்?

பெரிய அறை 30 × 20 = 600. அதற்குப் பக்கத்தில் ஒடுக்கமான அறை 4 × 20 = 80. கீழே நீளமான அறை 30 × 6 = 180. மூலையில் ஒரு பூஜையறை, 4 × 6 = 24. மொத்தம் 884.

இப்போது பிள்ளை போட்ட 624-ஐ இந்தப் படத்தில் தேடச் சொல்லுங்கள். பெரிய அறையும் பூஜையறையும் மட்டும் டைல்ஸ் போட்டாகிவிட்டது. நடுவில் இரண்டு அறை மண் தரையாகக் கிடக்கிறது. 80-ம் 180-ம் சேர்ந்து 260, அதுதான் குறைகிறது. ஒருத்தி அந்த இரண்டு அறைகளிலும் பென்சிலால் மண்ணும் ஒரு கோழியும் வரைந்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் நாலு அறையில் ஒன்றைக்கூட விட்டதில்லை.

வாரக் கணக்கில் இந்தப் படத்திலேயே போடட்டும், அவசரமில்லை. பிறகு பக்கத்தில் வழக்கமான இரண்டு வரிப் பெருக்கலை எழுதி, 204 என்பது கீழ் இரண்டு அறை (180 + 24), 680 என்பது மேல் இரண்டு அறை (600 + 80) என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எனக்குச் சின்ன வயதில் இதை யாரும் காட்டவில்லை. இடம் தள்ளி எழுதுவது ஏன் என்று தெரியாமலேயே கல்லூரி வரைக்கும் போய்விட்டேன்.

வழி சரி, விடை மட்டும் தினமும் ஒவ்வொரு விதமாகத் தப்பு

நோட்டைப் பாருங்கள். ஒன்றுகள் பத்துகளின் கீழே சரிந்திருக்கும். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கோடுகள் செங்குத்தாக நின்று இடங்களைப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு இலக்கப் பெருக்கலில் முதல் வரிக்கு வந்த மீதி மேலேயே நின்று, இரண்டாவது வரியிலும் புகுந்துவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. முதல் வரி முடிந்ததும் அந்த மீதியின் மேல் ஒரு கோடு இழுத்து அடிக்கப் பழக்குங்கள். கடைசியில் கூட்டுவதில் தப்பு வந்தால் அது கூட்டல் பாடம், பெருக்கலைத் திட்ட வேண்டாம்.

"ஒரு பெட்டியில் 12 பென்சில், 8 பெட்டியில் மொத்தம் எத்தனை?" 20

"மொத்தம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுகிறது. பெட்டியை வரையச் சொல்லுங்கள். மூன்றாவது பெட்டி வரையும்போதே "ஓ" என்று சத்தம் வரும்.

பென்சிலைக் கையில் எடுத்தாலே அழுகை

கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை என்ற போட்டியெல்லாம் ஏற்கனவே வேகமாகப் போடும் பிள்ளைக்கு விளையாட்டு, மற்றப் பிள்ளைக்குத் தண்டனை. சில நாள் நோட்டே வேண்டாம். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் 14 குழியிலும் ஐந்தைந்தாகப் போட்டு மொத்தம் எத்தனை என்று பந்தயம் கட்டுங்கள். முட்டை வாங்கி வந்தால் அட்டையை எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள்: ஐந்து வரிசை, ஆறாறு.

எதைச் செய்தும் நகரவில்லை

மேலே உள்ள எதற்கும் பிள்ளை அசையவில்லை என்றால் பெருக்கலை விட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். 27 புளியங்கொட்டையை எண்ணி வையுங்கள். ஒரு தாளில் 27 என்று எழுதுங்கள். 7-ஐச் சுழித்து, "இது எத்தனை கொட்டை, எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஏழு கொட்டையை எடுத்து வைக்கும். அடுத்து 2-ஐச் சுழித்து அதே கேள்வி.

இருபது கொட்டையைத் தள்ளி வைத்தால் பயமில்லை, 812-க்குச் சொன்ன குச்சிக் கட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். பல பிள்ளைகள் இரண்டே இரண்டு கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, நடுவில் மிஞ்சிக் கிடக்கும் பதினெட்டைப் பற்றிக் கவலையே படாமல் நம்மைப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் பெருக்கல் நோட்டை மூடிவிடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டுவது, அவிழ்ப்பது, மறுபடி கட்டுவது. தினமும் பத்து நிமிடம். எங்கள் வராந்தாவில் ஒரு பையனுக்கு இது மூன்று வாரம் பிடித்தது.